இல்லாத கட்டடங்கள், இருக்கிற முகவரிகள்: மதுரை

#1 மேலக்கோபுரம்

போன வாரம் அப்பாவைப் பார்க்க மதுரைக்கு வந்திருந்தேன். மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோவில் ஏறினேன். பழக்கதோஷம், “தங்கம் தியேட்டர் பக்கம் போக வேண்டும்” என்று சொல்லிவிட்டேன். ஓட்டுநருக்கு மிஞ்சினால் இருபத்திரண்டு வயது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராக மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். காசை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கேட்டார்: “அண்ணே, இங்கே தியேட்டர் எங்கே இருக்கிறது? நானும் ரொம்ப நாளாகத் தேடுகிறேன்.”

எதிரே இருந்த ஜவுளிக்கடையைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “அப்படியா!” என்று கடையை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரே யோசனை. கட்டடம் போய்விட்டது, பெயர் மட்டும் முகவரியாக நிற்கிறது. மதுரையில் இப்படி எத்தனை இருக்கும்? கட்டடம், குளம், வாசல், எதுவாக இருந்தாலும் சரி. தெரிந்தவர்கள் எழுதுங்கள். ‘அந்தக் காலம் போல வருமா’ என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். அதற்கு என் அப்பாவே போதும்.

#2 பழைய டிக்கெட்

தம்பி, தங்கத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள், நான் சும்மா இருக்க முடியாது.

1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தியேட்டர் அது. 2563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று ஊர் முழுக்கச் சொல்லுவோம். ஆசியாவில் வேறு எந்தத் தியேட்டரைப் பார்த்தோம் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. நான் பார்த்தது எழுபதுகளில். பெரிய காலி இடத்துக்கு நடுவில் கப்பல் மாதிரி நிற்கும். முன்வரிசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் பின்னால் இருப்பவர்களின் முகம் தெரியாது, பீடி நெருப்பு மட்டும் தெரியும்.

அதன் பெருமையே அதற்கு வினையாகிவிட்டது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை ஒரு காட்சிக்குத் திரட்ட வேண்டும். புதுப்படம் வந்த முதல் வாரம் சரி. மூன்றாவது வாரம் முந்நூறு பேர் வந்தால் அந்த முந்நூறு பேரும் ஆளுக்கொரு மூலையில் அனாதை போல உட்கார்ந்திருப்போம். மின்விசிறி எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஓட வேண்டும். கூட்டம் குறையக் குறையப் பெரிய தியேட்டர்தான் முதலில் படுக்கும். தொண்ணூறுகளில் மூடினார்கள். பிறகு பல வருடங்கள் சும்மா கிடந்து, கடைசியில் இடித்தார்கள்.

இடித்த நாட்களில் ஒரு தடவை போய் நின்றேன். திரைக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் மிச்சம் இருந்தது. அவ்வளவு பெரிய சுவரா என்று இருந்தது. எத்தனை முறை அந்தப் பக்கத்தையே மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், சுவரைப் பார்த்தது அன்றுதான்.

#3 பழைய டிக்கெட்

சொல்ல விட்டுப்போனது. கீழவெளி வீதி சிந்தாமணி டாக்கீஸையும் கணக்கில் சேருங்கள். 1937-இல் பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’யை எடுத்தவர்கள் மதுரைக்காரர்கள். அந்தப் படத்தில் வந்த லாபத்தில் கட்டிய தியேட்டருக்குப் படத்தின் பெயரையே வைத்தார்கள். ஒரு படம் ஓடி அதன் பெயரில் ஒரு கட்டடமே எழுந்தது. இப்போது அதுவும் ஜவுளி. மதுரையில் ஒரு தியேட்டர் செத்தால் ஜவுளிக்கடையாகப் பிறக்கும் போல.

#4 ஆரப்பாளையம் 77

அப்படியே ரீகலையும் கொன்றுவிட்டீர்கள் என்றால் கணக்கு முடிந்தது.

#5 பழைய டிக்கெட்

ரீகல் சாகவில்லை ஐயா. ரயில் நிலையத்துக்கு எதிரே ரீகல் நடந்த விக்டோரியா எட்வர்டு மன்றம் இன்னும் நிற்கிறது. பகலில் பத்திரிகை படிக்கிற இடம், மாலையில் இங்கிலீஷ் படம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு உத்தியோகம் பார்த்த கட்டடம். என் இங்கிலீஷ் அறிவு முழுவதும் அங்கே சம்பாதித்தது. அதனால்தான் இன்றைக்கும் யாராவது இங்கிலீஷில் பேசினால் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போகிறது.

#6 வெளிவீதிக்காரன்

தியேட்டர்களுக்கு எழுபது, எண்பது வயதுதான். கேள்வி அதற்கும் முன்னால் போகிறது. மதுரையில் காணாமல் போனவற்றில் மிகப் பெரியது தங்கம் தியேட்டர் இல்லை, கோட்டை. அதற்குள்ளேயே குடியிருந்துகொண்டு அதைத் தேடாமல் இருக்கிறோம்.

விசுவநாத நாயக்கர் காலத்தில் பாண்டியர்களின் பழைய சிறிய மதிலைத் தள்ளிவிட்டு, இன்னும் வெளியே பெரிய கோட்டை கட்டினார்கள். சுற்றிலும் அகழி. 72 கொத்தளங்கள், 72 பாளையக்காரர்கள், ஆளுக்கொரு கொத்தளம் என்று சொல்லுவார்கள். 1763, 1764 இரண்டு வருடங்களும் கான்சாகிபு என்ற மருதநாயகம் இந்தக் கோட்டைக்குள் இருந்துதான் கம்பெனிப் படையைத் தடுத்து நிறுத்தினார். பீரங்கியால் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபரில் தூக்கில் போட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது, ஊருக்குள் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. அவர் காத்து நின்ற மதில் மட்டும்தான் இல்லை.

அந்த மதிலைப் பீரங்கி தள்ளவில்லை. கலெக்டர் பிளாக்பர்ன் 1837-க்குப் பிறகு தள்ளினார். அவர் செய்த தந்திரத்தைக் கவனியுங்கள். அரசாங்கத்தின் கையில் அதற்குப் பணம் இல்லை. “மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடம் சொந்தம்” என்று சொல்லிவிட்டார். பிறகு கேட்க வேண்டுமா? ஊரே கடப்பாரையோடு கிளம்பியது. மதிலும் அகழியும் இருந்த வளையம்தான் இன்றைய வெளி வீதிகளும் அவற்றை ஒட்டிய மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும். மாரட் அந்த வேலையின் சர்வேயர், பெருமாள் அதன் மேஸ்திரி.

எனவே தம்பி மேலக்கோபுரம், நீங்கள் ஆட்டோவில் போய் இறங்கிய மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியே ஒரு காணாமல் போன கட்டடத்தின் முகவரிதான். இடித்த மேஸ்திரியின் பெயர் நிலைத்துவிட்டது. கட்டிய மேஸ்திரி யாரென்று யாருக்காவது தெரியுமா?

#7 தெற்குவாசல்

ஐயா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருபது வருடமாகத் தெற்குவாசலில் குடியிருக்கிறேன். கல்லூரி அடையாள அட்டையில் அந்தப் பெயர், ரேஷன் அட்டையில் அந்தப் பெயர். இங்கே வாசல் எங்கே என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கோவில் தெற்குக் கோபுரத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் கோபுரம் இங்கிருந்து எவ்வளவு தூரம்! கீழவாசலும் அப்படித்தானா?

#8 வெளிவீதிக்காரன்

அப்படித்தான் தம்பி. கோட்டை வாசல்களின் பெயர் ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது. பஸ் நடத்துநர் “கீழவாசல் எல்லாம் இறங்கு” என்று கத்தும்போது, 180 வருடத்துக்கு முன்னால் இடிந்துபோன ஒரு வாசலில் அத்தனை பேரையும் இறக்கிவிடுகிறார்.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பெரியார் பஸ் நிலையத்துக்கு எதிரே மேலவெளி வீதியில் கோட்டையின் மிச்சம் ஒன்று இருக்கிறது. தொல்லியல் துறையின் பலகைகூட உண்டு. பலகையை மறைத்துக்கொண்டு இன்னும் நாலு பலகைகளும் உண்டு.

#9 ஆரப்பாளையம் 77

பிளாக்பர்னைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. மதில் இருந்திருந்தால் ஊர் மூச்சு முட்டிச் செத்திருக்கும். அகழி அந்தக் காலத்திலேயே நாறிக் கிடந்தது, காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று நம்பினார்கள். மதில் போனதால்தான் ஊர் விரிந்தது. அந்த மனிதருக்கு ஊர்க்காரர்களே நன்றியோடு விளக்குத்தூண் வைத்தார்கள். இன்றைக்கு ஜிகர்தண்டா குடிக்கப் போகிற எல்லாரும் ‘விளக்குத்தூண் போகலாம்’ என்றுதான் சொல்கிறார்கள். தலையை நிமிர்த்தி அந்தத் தூணைப் பார்த்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வடக்குவெளி வீதிப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. பின்கட்டுச் சுவரில் அடிப்பாகம் மட்டும் பெரிய பெரிய கருங்கல், அதற்கு மேல் சாதாரணச் செங்கல். ‘கோட்டைக்கல்’ என்றுதான் தாத்தா சொல்லுவார். துணி துவைக்கிற கல்லும் அதே கல். என் பாட்டி ஐம்பது வருடம் நாயக்கர் கோட்டையின் மேல் வேட்டி துவைத்திருக்கிறார். இடித்தவர்கள் யாரோ அந்நியர்கள் இல்லை, நாம்தான். இடித்து எடுத்துப்போய் வீடு கட்டிக்கொண்டோம். அதற்காக நான் அழப்போவதில்லை.

#10 வெளிவீதிக்காரன்

நான் யாரையும் திட்டவில்லையே. அந்தத் துவைகல் இப்போது எங்கே?

#11 ஆரப்பாளையம் 77

2009-இல் வீட்டை விற்றோம். வாங்கியவர் முழுவதையும் இடித்து மூன்று மாடி எழுப்பினார். கல் எங்கே போனது என்று தெரியாது. சரி, நீங்கள் கேட்க வந்தது புரிகிறது.

#12 மேலக்கோபுரம்

கொஞ்சம் இடைவெளி விட்டு யோசித்தால் மகால் ஞாபகம் வருகிறது. மகால் இருக்கிறது, ஒளி-ஒலிக் காட்சி இருக்கிறது, பள்ளிக்கூடச் சுற்றுலா இருக்கிறது. ஆனால் நாம் பார்ப்பது நாலில் ஒரு பங்குதான் என்பார்களே, மற்ற மூன்று பங்கு?

#13 வெளிவீதிக்காரன்

1636-இல் திருமலை நாயக்கர் கட்டியபோது சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள். நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது சொர்க்கவிலாசமும் அதை ஒட்டிய நாடகசாலையும்தான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனார். மிச்சத்தை மழையும் ஊரும் பங்கு போட்டுக்கொண்டன. 1866 வாக்கில் ஆளுநர் நேப்பியர் கை வைத்துச் செப்பனிட்டிருக்காவிட்டால் இந்தக் கால் பங்கும் இருந்திருக்காது. 1970 வரை அதற்குள் நீதிமன்றம் நடந்தது. என் பெரியப்பா ஒரு நிலத் தகராறுக்காக அந்தத் தூண்களுக்கு நடுவே பதினோரு வருடம் நடந்திருக்கிறார். கடைசி வரை மகாலின் அழகைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

போன பகுதிகளை அந்தச் சுற்றுவட்டத் தெருப் பெயர்களில் தேடலாம். நவபத்கானா தெரு என்றால் வேளைக்கு வேளை அரண்மனை வாத்தியம் முழங்கிய இடம். பந்தடித் தெருக்கள் வரிசையாக இருக்கின்றன. அரண்மனைப் பெண்கள் பந்து விளையாடிய இடம் என்று சொல்லுவார்கள். இன்று அங்கே குடும்பம் குடும்பமாகப் பட்டு வியாபாரமும் சாயவேலையும்.

எனக்குப் பிடித்தது பத்துத்தூண் சந்து. விளக்குத்தூணிலிருந்து இரண்டு நிமிட நடை. இரண்டு பக்கமும் துணிக்கடை, நடுவே பத்துப் பிரம்மாண்டமான கல்தூண்கள் கூரை இல்லாமல் நிற்கின்றன. ரங்கவிலாசத்தின் மிச்சம். யானை கட்டிய தூண் என்று சிறுவயதில் கதை சொன்னார்கள், நம்பினோம். போன மாதம் போனபோது ஒரு தூணின் அடியில் ஒரு பையன் சார்ஜரைச் செருகிவிட்டுக் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். மின்சாரப் பெட்டி எந்தக் கடையுடையது என்று தெரியவில்லை. தூணின் நிழல் மட்டும் நல்ல அகலம், அவன் முழுசாக அதற்குள் அடங்கியிருந்தான்.

#14 வைகைமணல்

எல்லாரும் கட்டடத்தையே எழுதுகிறீர்கள். இந்த ஊரில் கட்டடத்தைவிட அதிகமாகக் காணாமல் போனது தண்ணீர்.

எழுகடல் தெரு தெரியும்தானே? புதுமண்டபத்துக்குக் கிழக்கே, பாதியில் நின்றுபோன ராயகோபுரத்தின் பக்கம். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலில் நீராட ஆசைப்பட்டாள். மாப்பிள்ளை சொக்கநாதர் ஏழு கடலையும் ஒரே குளத்துக்கு வரவழைத்தார். திருவிளையாடல் புராணத்தில் ஒரு படலமே அதற்கு உண்டு. அந்த ஏழு கடலும் இன்று கடை வளாகம். பாத்திரம் வாங்கலாம், வளையல் வாங்கலாம். கடவுள் கொண்டுவந்த ஏழு கடலை நாம் மண் போட்டு மூடியிருக்கிறோம். அசாத்திய சாதனைதான்.

டவுன்ஹால் ரோட்டில் பெருமாள் தெப்பம் இன்னொரு கூத்து. கூடலழகர் கோவில் தெப்பக்குளம் அது. அந்த ரோட்டில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள், குளம் யார் கண்ணிலும் படாது. நாலு கரையும் கடைகள். கல்லூரி நாட்களில் ஒரு கடையில் சட்டை போட்டுப் பார்க்கப் பின்பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஒரு சிறிய ஜன்னல். திறந்தால் குளம்! நடுவில் மைய மண்டபம், படிக்கட்டு, புதர், பிளாஸ்டிக் பை. அரைச் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். கடைப்பையன் வந்து, “அளவு சரியாக இருக்கிறதா?” என்று கதவைத் தட்டினான்.

கண்மாய்களைப் பற்றி ஆரம்பித்தால் இந்த இழை முடியாது. ஒன்று மட்டும்: 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை இருக்கிற இடம் உலகனேரி. பெயரிலேயே ஏரி இருக்கிறது, வேறு சாட்சி வேண்டாம்.

#15 ஆரப்பாளையம் 77

மாட்டுத்தாவணியில் மாடு இல்லை, மாட்டுச் சந்தையும் இல்லை. தாவணி என்றால் மாட்டுச் சந்தை என்பதே பாதிப்பேருக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த என் சக ஊழியர் ஒருவர் மாட்டுக்குத் தாவணி கட்டுவார்களா என்று நிஜமாகவே கேட்டார். இதையும் பட்டியலில் போடுங்கள்.

#16 தெற்குவாசல்

நேற்று கல்லூரி முடிந்து சைக்கிளில் ஒரு சுற்றுப் போனேன். வெளிவீதிக்காரன் ஐயா சொன்ன கோட்டை மிச்சத்தைப் பார்த்தேன். பெரியார் நிலையத்தை 2019-இல் இடித்துப் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்களே, பழைய நிலையம் இருந்தபோது எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பக்கம் போயிருப்பேன். கல்சுவர் என்று நினைத்திருக்கிறேன். ஏதோ பழைய தண்ணீர்த் தொட்டி என்றுகூட நினைத்திருக்கிறேன். கையை வைத்துப் பார்த்தேன், வெயிலில் சுட்டது.

விட்டவாசலுக்கும் போனேன். அது என்ன கணக்கு? கோட்டை வாசல் என்கிறார்கள், ஆனால் கோவிலுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதே?

#17 வெளிவீதிக்காரன்

சரியாகப் பிடித்தீர்கள். அது நாயக்கர் கோட்டையின் வாசல் இல்லை, அதற்கும் முந்தைய பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல். விசுவநாதர் பழைய மதிலை இடித்தபோது அதை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். விட்ட வாசல், அதனால் விட்டவாசல். முதல் கோட்டையை இரண்டாம் கோட்டைக்காரர்கள் இடித்தார்கள், இரண்டாவதை கலெக்டர் இடித்தார். முதலாவதின் வாசல் இன்னும் நிற்கிறது.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. வடக்குக் கோபுரத்தை மொட்டைக் கோபுரம் என்போம். பல காலம் மேல்தளங்கள் இல்லாமல் மொட்டையாக நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்தார் கட்டி முடித்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, முழுக் கோபுரமாக வண்ணம் பூசி நிற்கிறது. நாம் இன்னும் மொட்டை என்றே கூப்பிடுகிறோம். இந்த ஊர் ஒரு பெயரைப் பிடித்தால் பிடித்ததுதான்.

#18 ஊசிநூல்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா என்று தயங்கினேன். எல்லாரும் இல்லாமல் போன கட்டடத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் கதை தலைகீழ். கட்டடம் அப்படியே இருக்கிறது, நாங்கள்தான் அங்கே இல்லை.

என் அப்பா புதுமண்டபத்தில் தையல்காரர். அவருக்கு முன்னால் தாத்தா. நானும் பள்ளிக்கூடம் விட்டால் நேராக அங்கேதான். 124 தூண்கள் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்களுக்குத் தூண் கணக்குத் தெரியாது, யார் யாருடைய தூண் என்றுதான் தெரியும். எங்கள் தூணில் ஒரு யாளி. அதன் வாய்க்குள் அப்பா சாக்குக்கட்டி வைத்திருப்பார். தையல் மிஷின் ஓடும்போது தரைக்கல் லேசாக அதிரும். மத்தியானம் வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே கல் குளுகுளு என்று இருக்கும். வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், குளிர்ச்சிக்குச் சுற்றிலும் தண்ணீர் தேக்குவார்கள் என்று பிற்பாடு படித்தேன். அப்பாவுக்கு அது படிக்காமலே தெரியும், தூங்குவதற்கு எந்த மூலை என்றும் தெரியும்.

சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பே எங்களுக்குத் தூக்கம் போய்விடும். அழகருக்கு வேடம் கட்டித் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் எல்லாரும் உடுப்புக்கு எங்களிடம்தான் வர வேண்டும். சல்லடம், சட்டை, குல்லா, ஓரத்தில் ஜிகினா. ஒரு ஊரிலிருந்து வருகிறவர்கள் தலைமுறையாக ஒரே தையல்காரரிடம்தான் வருவார்கள். “போன வருடம் தைத்த அளவுதான், வயிறு மட்டும் கூட” என்பார்கள். அப்பா டேப் எடுக்க மாட்டார். பார்வையாலேயே ஒரு விரல் விட்டு வெட்டுவார்.

2018 பிப்ரவரியில் கோவிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கே இருந்த கடைகள்தான் காரணம் என்று பேச்சு. அதற்குப் பிறகு எங்களுக்கும் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் பக்கத்துக் குன்னத்தூர் சத்திரத்தில் கடை கொடுத்தார்கள். மண்டபம் காலியானது.

#19 வெளிவீதிக்காரன்

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. அந்தத் தூண்களில் ஆணி அடித்திருந்தார்கள். சிற்பத்தின் கையில் ஹேங்கர் தொங்கியது. கல்லெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. நாயக்கர்களின் உருவச் சிலைகள் துணி மூட்டைக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. கடைகள் போன பிறகுதான் ஒரு நாள் முழுசாக அவற்றின் முகத்தைப் பார்த்தேன். தீ அங்கே பிடித்திருந்தால்?

#20 ஊசிநூல்

தப்பாக நினைக்கவில்லை ஐயா. ஆணி அடித்தது உண்மை, எங்கள் தூணிலும் இரண்டு உண்டு. அப்பாவே சொல்லுவார், “கல்லுக்கு வலிக்கும்தான்” என்று. தீயைப் பற்றிய பயமும் நியாயம். காலி செய்தது தப்பு என்று நான் எழுதவில்லை.

ஆனால் நீங்கள் மூன்று நாளாகக் கோட்டைக்கும் தியேட்டருக்கும் வருத்தப்படுகிறீர்கள். அதை ஒரு பக்கம் வைத்து இதைப் பாருங்கள். சிலையின் முகம் துணி மூட்டைக்குப் பின்னால் மறைந்திருந்தது என்கிறீர்கள். அந்தச் சிலைக்கு முன்னால் நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை யாராவது பார்த்தீர்களா? ஒரு புகைப்படம்கூடக் கிடையாது எங்களிடம். வருகிற வெள்ளைக்காரர்கள் எடுப்பார்கள், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் அப்பா ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் யாளிக்குக் கீழே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்.

#21 பழைய டிக்கெட்

அம்மா சொல்வது எனக்குச் சுருக்கென்று தைத்தது. தங்கத்தின் இருக்கைக் கணக்கு எனக்கு மனப்பாடம். இடைவேளையில் முறுக்கு விற்ற அந்த ஆளிடம் பத்து வருடம் வாங்கித் தின்றிருக்கிறேன். ஒரு கண்ணில் பூ விழுந்தவர். பெயர் என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. கேட்டதே இல்லை.

#22 ஆரப்பாளையம் 77

முறுக்குக்காரரைத் தேடித் திடீர்நகர்ப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துத் தியேட்டர்களில் விற்றவர்கள் நிறையப் பேர் அங்கிருந்துதான் வந்தார்கள் என்று நினைவு. கண் அடையாளம் சொன்னால் யாருக்காவது தெரியும்.

ஊசிநூல் அம்மா, எங்கள் மாமாவுக்கு ஒவ்வொரு சித்திரைக்கும் வேடம் உண்டு. புதுமண்டபத்தில்தான் தைப்பார். வீட்டில் பழைய உடுப்பு ஒன்று பெட்டியில் இருக்கிறது. உள்பக்கம் ஏதாவது கடை அடையாளம் வைப்பீர்களா?

#23 ஊசிநூல்

கழுத்துப் பட்டைக்கு உள்ளே சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி இருந்தால் எங்கள் அப்பா. கணக்கு நோட்டு போடாத மனிதர், அதுதான் கையெழுத்து.

#24 மேலக்கோபுரம்

இன்று இரவு கோயம்புத்தூருக்குத் திரும்புகிறேன். இந்த இழையை அப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கோட்டை வரை ‘உம்’ கொட்டினார். எழுகடலுக்கு, “நான் அந்தக் குளத்தில் தண்ணீர் பார்த்திருக்கிறேன்” என்றார். எந்த வருடம் என்று கேட்டால் கோபம் வருகிறது. ஊசிநூல் அம்மா எழுதியதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அம்மா, குன்னத்தூர் சத்திரத்தில் கடை எப்படிப் போகிறது? வாடிக்கையாளர்கள் இடத்தைக் கண்டுபிடித்து வருகிறார்களா?

#25 ஆரப்பாளையம் 77

பெட்டியைத் திறந்து பார்த்தோம். கழுத்துப் பட்டையில் சிவப்புப் பெருக்கல் குறி. நூல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மாமாவுக்கு இப்போது எண்பத்தொன்று. “அந்தத் தையல்காரர் இருக்கிறாரா?” என்று கேட்டார்.

#26 ஊசிநூல்

இருக்கிறார் ஐயா. கண் சரியில்லை, வெட்டுவதில்லை. கடைக்கு மட்டும் வருவார், அண்ணன் தைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் மாமாவை அழைத்து வாருங்கள். வயிறு எவ்வளவு கூடியிருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

மேலக்கோபுரம் அண்ணே, வியாபாரம் பரவாயில்லை. வருகிறவர்கள் மண்டபத்துக்குத்தான் முதலில் போகிறார்கள். பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பூக்காரம்மாவிடம் விசாரித்து இங்கே வருகிறார்கள். வந்ததும், “புதுமண்டபம் இதுதானே?” என்பார்கள். அண்ணன் ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

போன பொங்கலுக்குத் துணிப்பை தீர்ந்துவிட்டது, புதிதாக ஐந்நூறு அச்சடிக்கக் கொடுத்தோம். அச்சுக்காரர் பழைய பையைப் பார்த்துவிட்டு முகவரியை மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். அண்ணன் புது முகவரியை எழுதிக் கொடுத்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் தனியாக நடந்து போய் அச்சகத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பை வந்தபோது பார்த்தோம். மேல் வரியில் குன்னத்தூர் சத்திரம், கடை எண் எல்லாம் சரியாக இருக்கிறது. கீழே அடைப்புக்குள்: ‘புதுமண்டபம், யாளித் தூண்’.